எமரால்டு (நீலகிரி) பைன் தோப்பில் சிவப்புக் குடை, மேலே புள்ளி இல்லை. என்ன காளான் இது?

மலைமுகடு எழுதியது:
எமரால்டுக்கு மேலே, தேயிலை முடிகிற இடத்தில் பழைய பைன் தோப்பு ஒன்று இருக்கிறது. அதை ஒட்டிய பள்ளத்தில் சின்னதாக ஒரு சோலை, அதாவது மலையின் பழைய உள்ளூர்க் காடு. ஆடி மழை விடாமல் அடித்ததில் இரண்டுக்கும் நடுவே கூட்டமாகக் காளான் முளைத்திருக்கிறது. குடை என் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது. நடுவில் நல்ல சிவப்பு, ஓரம் போகப் போக ஆரஞ்சு. மேல்பக்கம் வழவழவென்று இருக்கிறது, புள்ளி எதுவும் இல்லை. அடியில் செவுள் (வரிசையாக இருக்கும் மெல்லிய ஏடுகள்) சுத்த வெள்ளை. சோலை இருபது முப்பது அடியில்தான் என்பதால் சோலைக் காளான் என்று நினைக்கிறேன். மூன்று படம் போட்டிருக்கிறேன். மூடுபனியில் கைப்பேசியில் எடுத்தது, பொறுத்துக்கொள்ளுங்கள். யாராவது பெயர் சொல்ல முடியுமா?

சீகைமரம் எழுதியது:
ரஸ்ஸுலா. சிவப்புத் தொப்பி, வெள்ளைச் செவுள், வெள்ளைத் தண்டு எல்லாம் பொருந்துகிறது. படத்தைப் பார்த்ததும் அதுதான் தோன்றியது.

வேர்த்தேடி எழுதியது:
படம் மூன்றும் மேலிருந்து எடுத்தவை. சிவப்புக் குடையை மேலிருந்து பார்த்துப் பெயர் வைக்க முடியாது. இந்த மலையிலேயே மேலிருந்து பார்க்கச் சிவப்பாக இருக்கும் காளான் குடும்பங்கள் குறைந்தது மூன்று உண்டு. சோலைக்குள் இலைக்குப்பையில் வரும் ஹைக்ரோசைபி சின்னது, விரல் நகத்திலிருந்து ஒரு ரூபாய் அகலம்வரை, செவுளைத் தொட்டால் மெழுகு மாதிரி இருக்கும். உங்கள் அளவுக்கு அது வராது. மிச்சம் ரஸ்ஸுலாவும் அமானிடாவும்.

மலைமுகடு, நாளைக்குப் போனால் இதைச் செய்யுங்கள். காளானைப் பிடித்து இழுக்காதீர்கள். ஒரு பழைய கத்தியைத் தண்டுக்கு ஒரு சாண் தள்ளிக் குத்தி, மண்ணோடு நெம்பி எடுங்கள். தண்டின் அடி எப்படி இருக்கிறது, தண்டில் வளையம் இருக்கிறதா, ஒடித்தால் நார் நாராகப் பிரிகிறதா அல்லது சாக்பீஸ் மாதிரி பட்டென்று உடைகிறதா? இந்த மூன்றும் தெரிய வேண்டும். அப்புறம் தலைக்கு மேலே என்ன மரம் என்று பாருங்கள். சோலை எத்தனை அடியில் என்பதைவிட அதுதான் முக்கியம்.

தொட்டால் ஒன்றும் ஆகாது. எடுத்த பிறகு கையைக் கழுவினால் போதும்.

பச்சைமிளகாய் எழுதியது:
பெயர் எதுவாக இருந்தாலும் சரி, மிளகு போட்டு வறுத்தால் எப்படி இருக்கும் என்பதுதான் என் கேள்வி. மொட்டுக் காளான் டப்பா விற்கிற விலையில் காட்டில் சும்மா கிடக்கிறதே!

நெறியாளர்:
சமையல் கேள்விக்கு இந்தப் பகுதியில் யாரும் ‘சாப்பிடலாம்’ என்று பதில் எழுதக்கூடாது. விதி பழையதுதான், நினைவூட்டுகிறேன். இடம் குறிக்கும்போது ஊர்ப்பெயர் அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சரணாலயம், தேசியப் பூங்கா எல்லைக்குள் எதையும் பறிக்கக்கூடாது, காளானும் அதில் சேர்த்தி. படம் மட்டும்.

மலைமுகடு எழுதியது:
பதில்களுக்கு நன்றி. நான் பார்த்தது தோட்டத்து எல்லைக் கம்பிக்கு உள்ளே, எங்கள் பெரியப்பாவின் பட்டாவில்தான் வருகிறது. பைன் வேர் வேலி தாண்டி வந்திருக்கிறது. அதனால் ஒன்றை மட்டும் கத்தியால் நெம்பி எடுத்தேன்.

தண்டின் அடி வெங்காயம்போல் உப்பியிருக்கிறது. அந்த உப்பலுக்கு மேலே மண் ஒட்டிய செதில்கள், ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு மூன்று வரி, சுற்றிச் சுற்றி. தண்டின் மேல்பக்கத்தில் கிழிந்த பாவாடை மாதிரி மெல்லிய வெள்ளை ஏடு தொங்குகிறது. ஒடித்துப் பார்த்தேன், நார் நாராகத்தான் பிரிந்தது. தலைக்கு மேலே பைன். சோலை மரம் எதுவும் நேர் மேலே இல்லை.

இன்னொன்று. கொஞ்சம் தள்ளிப் பைன் சருகைத் தூக்கிக்கொண்டு முட்டை மாதிரி ஒன்று வெளியே வந்துகொண்டிருந்தது. அதன்மேல் வெள்ளை மருக்கள் நெருக்கமாக இருக்கின்றன. அது வேறு காளானா? நான்காவது படத்தைப் பாருங்கள்.

வேர்த்தேடி எழுதியது:
அதே காளான்தான், குழந்தைப் பருவம். விஷயம் முடிந்தது: அமானிடா மஸ்காரியா. சிறுவர் கதைப் புத்தகங்களில் வரும் சிவப்பில் வெள்ளைப் புள்ளி வைத்த காளான்.

புள்ளி எங்கே போனது என்றால், மழையில் போனது. இளம் காளானை முழுக்க மூடியிருக்கும் வெள்ளைப் போர்வை, குடை விரியும்போது துண்டு துண்டாகக் கிழிந்து தொப்பிமேல் ஒட்டிக்கொள்கிறது. தோலோடு ஒட்டிப் பிறந்தது அல்ல. ஆடி மழை நான்கு நாள் சேர்ந்தாற்போல அடித்தால் கழுவிக்கொண்டு போய்விடும். போர்வையின் மிச்சத்தைத்தான் அடியில் வரி வரியாக நீங்கள் பார்த்தீர்கள். மேலே அழிந்தாலும் அடியில் அழியாது. மண்ணுக்குள் இருப்பதை விட்டுவிட்டு மேலே கிள்ளி எடுப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

முடிந்தால் அந்த முட்டையை நடுவில் நெடுக்காக வெட்டிப் பாருங்கள். வெள்ளைக்குள்ளே தொப்பியின் வளைவில் ஒரு மஞ்சள், ஆரஞ்சு கோடு ஓடும். விரிந்த காளானிலும் தொப்பித் தோலை உரித்தால் அடியில் அதே மஞ்சள்.

சீகைமரம் எழுதியது:
தொப்பித் தோலுக்குக் கீழே மஞ்சள் தெரிகிறதா என்று மலைமுகடு சொல்லட்டும், அப்புறம் பெயர் வைப்போம். ஸ்போர் படிவும் (செவுளிலிருந்து தாளில் உதிரும் வித்துத்தூள்) எடுக்கவில்லையே?

வேர்த்தேடி எழுதியது:
எடுக்கலாம், நல்ல பழக்கம். பாதி வெள்ளை பாதி கறுப்புத் தாளில் தொப்பியைச் செவுள் கீழே இருக்கும்படி வைத்து, மேலே ஒரு தம்ளரைக் கவிழ்த்து இரவெல்லாம் விட வேண்டும். ஆனால் இந்தச் சண்டையை அது தீர்க்காது. அமானிடாவுக்கும் வெள்ளைப் படிவு, பல ரஸ்ஸுலாவுக்கும் வெள்ளைப் படிவு. ரஸ்ஸுலாவுக்கு வளையமும் இல்லை, அடி உப்பலும் இல்லை, தண்டு நாராகவும் பிரியாது. மூன்றிலும் மலைமுகடு சொன்னது எதிர்ப்பக்கம். படிவு உதவுவது வேறு இடத்தில்: கடை மொட்டுக் காளானின் சொந்தக்காரர்களுக்குச் சாக்லேட் பழுப்புப் படிவு விழும். வெள்ளை விழுந்தால் அந்தக் கூட்டம் இல்லை என்று உடனே தள்ளிவிடலாம்.

மலைமுகடு எழுதியது:
தோலை உரித்தேன். மஞ்சள் இருக்கிறது, நன்றாகவே தெரிகிறது. தாளில் விழுந்த படிவு வெள்ளை, கறுப்புப் பக்கத்தில் மாவு சலித்த மாதிரி.

சார், ஒரு சந்தேகம். இது ஐரோப்பாக் காளான் என்கிறார்கள். எமரால்டுக்கு எப்படி வந்தது?

வேர்த்தேடி எழுதியது:
பைன் வந்த வண்டியில் வந்தது. அந்தத் தோப்பில் இருப்பது பெரும்பாலும் பைனஸ் பாட்டுலாவாக இருக்கும். ஊசி இலைகள் கொத்தாகத் தொங்கினால் அதுதான். மெக்சிகோ மலை மரம். நீலகிரியின் கதையே இப்படி ஒவ்வொரு மரமாக இறக்கியதுதான். கற்பூர மரம் (யூகலிப்டஸ்) 1843-ல் வந்தது, சீகை (வாட்டில்) வந்தது, பைன் வந்தது, எல்லாம் புல்வெளியை மூடிக்கொண்டு நிற்கின்றன.

பைனுக்கு ஒரு பலவீனம் உண்டு. அதன் சிறுவேர்களைச் சுற்றி உறை போட்டுக்கொள்ளும் வேர்ப்பூஞ்சை இல்லாவிட்டால் நாற்று மஞ்சளாகி நின்றுவிடும். பூஞ்சை மண்ணிலிருந்து பாஸ்பரசையும் தண்ணீரையும் இழுத்து மரத்துக்குக் கொடுக்கிறது, மரம் சர்க்கரையைப் பூஞ்சைக்குக் கொடுக்கிறது. பைன் இல்லாத நாடுகளில் வெறும் விதையைப் போட்டு வளர்க்கப் பார்த்துத் தோற்ற கதை நிறைய உண்டு. பிறகுதான் பழைய பைன் காட்டு மண்ணை அள்ளி வந்து நாற்றங்காலில் கலந்தார்கள். அந்த மண்ணிலும் நாற்றின் வேரிலும் ஒட்டிக்கொண்டு பூஞ்சைகள் கடல் தாண்டின. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா என்று பைன் நட்ட இடமெல்லாம் இந்தச் சிவப்புக் குடை இருப்பது அதனால்தான்.

நீலகிரியில் இதற்கு எழுத்துப்பூர்வமான சாட்சியும் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் கே. நடராஜனும் அவரோடு வேலை செய்தவர்களும் 1993-ல் பைனஸ் பாட்டுலாவின் வேர்களை நுண்ணோக்கியில் வெட்டிப் பார்த்து, எந்தப் பூஞ்சை எப்படி உறை போடுகிறது என்று வரிசையாக எழுதினார்கள். அமானிடா மஸ்காரியா, லக்காரியா லக்காட்டா, சுயில்லஸ் பிரெவிபெஸ், ரைசோபோகன், ஸ்கிளிரோடெர்மா எல்லாம் அதில் வருகின்றன. பைன் தோப்பில் எது கண்ணில் பட்டாலும் முதலில் இந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்ப்பது என் வழக்கம்.

பூம்பாறைக்காரன் எழுதியது:
கொடைக்கானலிலும் அதே கதைதான். இங்கே பைன் காடு 1906-ல் பிரையண்ட் என்ற வெள்ளைக்கார அதிகாரி ஆரம்பித்தது. இப்போது சுற்றுலாக்காரர்கள் மரத்தைக் கட்டிப்பிடித்துப் படம் எடுக்கிற இடம். எங்களுக்குப் பெருமழை ஐப்பசியில்தான், அதனால் காளானும் உங்களுக்குப் பிறகுதான் நன்றாக வரும். கூட்டம் மிதித்த இடத்தில் ஒன்றும் முளைப்பதில்லை. மண் இறுகிவிட்டது.

என் கேள்வி வேறு. இது சோலைக்குள் போய்விடாதா? நான் சோலை விளிம்பில், உள்ளே பத்தடியில் இந்தச் சிவப்புக் குடையைப் பார்த்திருக்கிறேன். மேலே நாவல் இன மரம். பைன் இல்லை.

வேர்த்தேடி எழுதியது:
நல்ல கேள்வி, இந்த இழையிலேயே முக்கியமானது இதுதான். வெளியூர் மரத்தோடு வந்த பூஞ்சை உள்ளூர் மரத்துக்கு மாறிய கதைகள் உண்டு. நியூசிலாந்திலும் டாஸ்மேனியாவிலும் அமானிடா மஸ்காரியா பைனை விட்டு நோத்தோஃபேகஸ் மரங்களுக்குத் தாவியிருக்கிறது. கொலம்பியாவில் அந்த ஊர் ஓக் மரத்துக்கு. அந்த மரங்கள் ஏற்கெனவே இதே மாதிரி வேர் உறை போடும் பூஞ்சைகளோடு பழகியவை. கதவு திறந்துதான் இருந்தது.

நம் சோலை அப்படியில்லை. நாவல் இனம், காட்டுச் செண்பகம், இலவங்க இனம் போன்றவை பெரும்பாலும் வேறு வகைப் பூஞ்சையோடு வாழ்பவை. அது வேரின் உயிரணுவுக்குள்ளேயே நுழைந்து வேலை செய்யும், வெளியே குடை விரிக்காது. காட்டுப்பூவரசுக்கு அதற்கென்று தனியாக இன்னொரு வகை. அதனால் அமானிடா சோலைக்குள் குடியேற அங்கே வீடு இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் உறை போடும் வேர்ப்பூஞ்சைக்கு உள்ளூர் வீடு வேண்டுமென்றால் கீழே இறங்கி வெள்ளைக் குங்கிலிய மரம் நிற்கும் மழைக்காட்டுக்குப் போக வேண்டும்.

நீங்கள் பார்த்த பத்தடிக்கு என் பதில்: பைனின் வேர் அதன் கிளை விரிவைத் தாண்டிப் போகும். குடை முளைக்கும் இடம் வேர் இருக்கும் இடம், மரம் நிற்கும் இடம் அல்ல.

சீகைமரம் எழுதியது:
வீடு இல்லை என்று அவ்வளவு உறுதியாகச் சொல்லலாமா? சோலையில் எத்தனை மரங்களின் வேரை யார் வெட்டிப் பார்த்தார்கள்? சீகை இரண்டு வகைப் பூஞ்சையோடும் ஒத்துப்போகும் மரம். சோலை விளிம்பு முழுக்க இப்போது சீகைதான். பைனிலிருந்து சீகைக்கு, சீகையிலிருந்து அடுத்ததற்கு என்று நகர முடியாதா?

வேர்த்தேடி எழுதியது:
சீகைக்கும் அமானிடா மஸ்காரியாவுக்கும் சம்பந்தம் இருப்பதாக நான் பார்த்ததும் இல்லை, படித்ததும் இல்லை. ஆனால் உங்கள் கேள்வியை ஒரு கத்தியால் சோதிக்கலாம். பூம்பாறைக்காரரே, அடுத்த மழையில் அந்தக் குடையின் அடி மண்ணைக் கிளறி, கூடவே வரும் மெல்லிய வேரைப் பாருங்கள். பைனின் சிறுவேர் உறை போட்டிருந்தால் நுனி இரண்டு இரண்டாகக் கவட்டை மாதிரி பிரிந்து, குட்டையாகத் தடித்திருக்கும். பத்து மடங்கு பெரிதாக்கும் நகைக்கடை லென்ஸ் போதும். கவட்டை வேர் வந்தால் அது பைன் வேர், சந்தேகமே வேண்டாம். வராவிட்டால் படம் எடுத்துப் போடுங்கள், நானே பஸ் ஏறி வருகிறேன்.

ஊசிமுனை எழுதியது:
யாரோ ஒருவர் சொல்லித்தான் ஆக வேண்டும்: இதுதானே அந்த ‘மேஜிக்’ காளான்? ஊட்டியில் ஒருத்தன் எண்ணூறு ரூபாய் கேட்டான். எங்கே கிடைக்கும் என்று தனிச்செய்தியில்

நெறியாளர்:
மேலே உள்ள பதிவின் மீதியை வெட்டியிருக்கிறேன். போதைக் காளான் விசாரிப்பு இங்கே வேண்டாம். அந்தக் காளான்களில் இருக்கும் போதைப்பொருளான சைலோசிபின் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின்கீழ் வருவது, விற்றாலும் வைத்திருந்தாலும் வழக்குதான். இன்னொரு முறை எழுதினால் கணக்கு முடக்கப்படும்.

பூம்பாறைக்காரன் எழுதியது:
நன்றி நெறியாளரே. எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் விட்டு வருகிற பையன்களை நிறுத்தி, கார்க்காரர்கள் காளான் கேட்கிறார்கள். பையன் எதையோ பிடுங்கிக் கொடுக்கிறான், இவர்கள் எதையோ தின்கிறார்கள். போலீஸ் பிடிப்பதும் உண்டு, ஆம்புலன்ஸ் வருவதும் உண்டு. சிவப்புக் குடையில் சைலோசிபின் கிடையவே கிடையாது. இதைக் கேட்டு வருகிறவர்களுக்கு அதுவும் தெரியாது.

இரவுப்பணி எழுதியது:
மேட்டுப்பாளையம் பக்கம் செவிலியராக இருக்கிறேன். இந்த இழையை வாசித்துவிட்டுச் சும்மா போக மனசு வரவில்லை.

மஸ்காரின் என்ற நஞ்சு 1869-ல் இந்தக் காளானிலிருந்துதான் முதலில் பிரித்தெடுக்கப்பட்டது, பெயரும் அப்படி வந்ததுதான். ஆனால் இதில் அது சொற்பம். ஆளைச் சாய்ப்பது ஐபோடெனிக் அமிலமும் மஸ்கிமாலும். தின்ற அரை மணியிலிருந்து இரண்டு மணிக்குள் தலைசுற்றல், வாந்தி, தள்ளாட்டம், உளறல், தசைத் துடிப்பு, அப்புறம் அடித்துப் போட்டாற்போல் தூக்கம். குழந்தை தின்றால் வலிப்புகூட வரலாம். ‘மஸ்காரின் காளான், அட்ரோபின் போடுங்கள்’ என்று, மஸ்காரினுக்கு அது முறிமருந்து என்பதால், கூட வந்தவர் நச்சரிப்பார். இந்தக் காளானுக்கு அது நிலைமையை மோசமாக்கலாம். அதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

நான் அதிகம் பயப்படுவது இதற்கு அல்ல, இதே அமானிடா குடும்பத்தின் வெள்ளை, இளம்பச்சைச் சொந்தக்காரர்களுக்கு. அமாடாக்சின் உள்ள காளானைத் தின்றவருக்கு முதல் ஆறு மணி நேரம், சிலருக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஒன்றுமே தெரியாது. பிறகு வாந்தியும் பேதியும். அடுத்த நாள் தேறிவிட்டாற்போல் எழுந்து உட்கார்ந்து காபி கேட்பார். வீட்டுக்குக் கூட்டிப் போய்விடுவார்கள். கல்லீரல் அதற்குள் போய்க்கொண்டிருக்கும். வேகவைத்தாலும் வறுத்தாலும் காயவைத்தாலும் அந்த நஞ்சு போகாது.

மஞ்சள் போட்டால் நிறம் மாறும், வெள்ளிக் கரண்டி கறுக்கும், பூண்டு நீலமாகும், புழு தின்றால் நல்ல காளான். இந்த நான்கையும் வார்டில் கேட்டிருக்கிறேன், நான்கும் பொய். நத்தைக்கு ஒத்துக்கொண்டது நமக்கு ஒத்துக்கொள்ளும் என்று எந்தச் சட்டமும் இல்லை. யாராவது தின்றுவிட்டால் அறிகுறிக்குக் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். மிச்சக் காளானையோ குப்பையில் போட்ட அடித்தண்டையோ காகிதத்தில் சுற்றிக் கொண்டுவாருங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் வியர்த்து, வந்து சேரும்போது கூழாகிவிடும், ஒன்றும் அடையாளம் தெரியாது.

பச்சைமிளகாய் எழுதியது:
அக்கா, மிளகை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். ஆனால் வேறு நாட்டில் வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தின்கிறார்களாமே?

இரவுப்பணி எழுதியது:
எங்கோ சிலர் தின்கிறார்கள், அவர்களுக்குத் தலைமுறைப் பழக்கம். உங்களுக்கு எது அந்தக் காளான் என்பதே இந்த இழையில்தான் தெரிந்தது. விடுங்க தம்பி.

கூடலூர்க்காரி எழுதியது:
நாங்கள் தின்கிற காட்டுக் காளான் ஒன்றே ஒன்று, புற்றுக் காளான். இடி இடித்த மழைக்கு மறுநாள் காலையில் பெரியம்மா எழுப்பிவிடுவார். தோண்டினால் தண்டு வேர் மாதிரி நீண்டு கீழே கறையான் கூட்டுக்குப் போகும். போகாவிட்டால் தொடமாட்டார். இந்த எமரால்டு, ஊட்டிப் பக்கம் அது ஏன் வருவதில்லை? கூடலூரிலிருந்து மலை ஏறினால் காணோம்.

வேர்த்தேடி எழுதியது:
அதற்குக் காரணம் குளிர். அந்தக் காளானைக் கூட்டுக்குள் தோட்டம் போட்டு வளர்க்கும் கறையான் உயரமான குளிர்ந்த மலையில் வாழ்வதில்லை. கறையான் இல்லாத இடத்தில் அந்தக் காளானும் இல்லை. டெர்மிட்டோமைசிஸ் என்பது புற்றுக் காளானின் பேரினம், அதில் ஹெய்மி என்ற இனத்துக்கு 1979-ல் பெயர் வைத்தவரும் மேலே சொன்ன அதே நடராஜன்தான்.

இதனால் ஒன்று சொல்ல வேண்டும். கூடலூரிலோ கோயம்புத்தூர்ப் பக்கமோ புற்றுக் காளான் தின்று பழகியவர்கள் ஊட்டிக்கு வேலைக்கு வந்து, பைன், கற்பூர மரத்தடியில் வெள்ளைக் குடையைப் பார்த்து அதுதான் என்று பறிக்கக்கூடாது. இந்த உயரத்தில் அது இருக்க வாய்ப்பே இல்லை. பெரியம்மாவின் சோதனை சரியான சோதனை, ஆனால் அந்த ஊருக்குச் சரியானது.

கூடலூர்க்காரி எழுதியது:
பெரியம்மாவிடம் சொல்கிறேன். ‘அவன் யாரு எனக்குச் சொல்ல’ என்பார், இருந்தாலும் சொல்கிறேன்.

மலைமுகடு எழுதியது:
இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. எல்லோருக்கும் நன்றி. தோட்டத்தில் வேலை செய்கிற அக்காக்களிடம் படத்தைக் காட்டிச் சொல்லிவிட்டேன். அவர்கள் யாரும் அதைத் தொடுவதே இல்லையாம், காட்டெருமைகூட மோந்து பார்த்துவிட்டுப் போகும் என்றார்கள்.

அதே தோப்பில் இன்னொன்றும் இருக்கிறது சார். பழுப்பு நிறம், தொப்பி முழுக்கக் கோழை பிடித்தாற்போல் வழுக்கல், பைன் ஊசி ஒட்டிக்கொண்டு வருகிறது. தண்டு குட்டை. அதையும் இங்கேயே கேட்கலாமா?

நெறியாளர்:
தனி இழை தொடங்குங்கள். இது நீண்டுவிட்டது.

வேர்த்தேடி எழுதியது:
தொடங்குங்கள். சுயில்லஸ் ஆக இருக்கலாம். படம் போடுவதற்கு முன் கவிழ்த்துப் பாருங்கள்: அடியில் செவுளா, அல்லது பஞ்சு மாதிரி மஞ்சளாகச் சின்னச் சின்னத் துளைகளா? தண்டில் வளையம் இருக்கிறதா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.